மூக்கன் கட்டிய ஸ்பெயின் கோட்டை

தெரியாததைத் தெரியாது என்று சொல்லும் வழக்கம் மூக்கனிடம் கிடையாது. கேள்வி கேட்கவும் மாட்டார். விட்டுப்போன இடத்தைத் தானே இட்டு நிரப்பிக்கொள்வார். சிலோனிலிருந்து கப்பலேறி இராமேஸ்வரத்தில் இறங்கியதும், முகாமில் சமையல் தெரிந்தவர் யார் என்று கேட்டார்களாம். அதுவரை வெந்நீர்கூட வைத்தறியாத மூக்கன் கையைத் தூக்கிவிட்டார். அன்று முகாம் சாப்பிட்ட சாம்பாரைப் பற்றி அவர் மனைவி காத்தாயி சொல்லக் கேட்க வேண்டும். சிரித்துச் சிரித்துக் கடைசியில் திட்டுவாள்.

சிலோனில், டிக்கோயா தோட்டத்தில் தேயிலைப் பெட்டி அடித்த கை அது. நீலகிரிக்கு வந்தும் அதே வேலைதான். கிளென்மார்கன் பக்கம் ஓர் எஸ்டேட்டில் பெட்டி அடித்துக்கொண்டிருந்தார். தொழிலாளர்களின் வரிசை வீடான லயத்தில், காம்பரா எனப்படும் ஒரே அறைக்குள் மூன்று குடும்பம். நடுவே இரண்டு சேலையைக் கட்டி மறைத்திருந்தார்கள். அடுத்த குடும்பத்துக் கிழவர் இருமினால் காத்தாயியின் சேலை ஆடும். அவளுக்கு நகை வேண்டாம், நட்டு வேண்டாம். தாழ்ப்பாள் போட்ட ஒரு கதவு வேண்டும். கப்பலில் கதவில்லை, முகாமில் கதவில்லை, இங்கேயும் இல்லை என்று மூக்கனைத் தினமும் அரித்தெடுத்தாள்.

இதில் நான் எங்கே வருகிறேன் என்றால், லெஸ்லியிடம் தோற்றுக்கொண்டிருந்த ஆளாக வருகிறேன். என் பெயர் ஆறுமுகசாமி. அருவங்காட்டு வெடிமருந்துத் தொழிற்சாலையில் ஸ்டோர் கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவன், கேத்தியில் வீடு. லெஸ்லி மூக்கனின் எஸ்டேட்டில் சின்னத்துரையாக, அதாவது உதவி மேனேஜராக இருந்து ஓய்வு பெற்ற ஆங்கிலோ இந்தியர். எஸ்டேட்டை ஒட்டியே சொந்த பங்களாவில் குடியிருந்தார். எங்கள் இருவருக்கும் ஒரே பைத்தியம், மேசைப் போர். பெரிய மேசையில் காடு, மலை, கடற்கரை எல்லாம் செய்து வைத்து, விரல் நீள ஈயச் சிப்பாய்களை நிறுத்தி, பகடை உருட்டி, நாடாவால் அளந்து அளந்து நகர்த்தி அடித்துக்கொள்வோம். மண்டை நரைத்த இரண்டு பேர் செய்கிற வேலையா இது என்று என் மனைவி கேட்பாள். நியாயமான கேள்விதான். ஆனால் வருஷக்கணக்காக ஒரே ஆளிடம் தோற்றால் தூக்கம் வராது, அது அவளுக்குத் தெரியாது.

அந்த ஆண்டு லெஸ்லிக்கு ஸ்பெயின்காரன் மேல் மோகம் வந்தது. கரீபியன் கடலோரம் ஸ்பெயின்காரர்கள் கட்டிய கோட்டை ஒன்றின் படம் பழைய பத்திரிகையில் கிடைத்திருந்தது. தடித்த மதில், நான்கு மூலையிலும் அம்பு முனை போல நீட்டிக்கொண்டிருக்கும் கொத்தளம், அதன் நுனியில் ஆள் நிற்க ஒரு சிறு கூண்டு. அவர் அந்தக் கோட்டையில் ஸ்பெயின் தளபதியாம், நான் கடற்கொள்ளைக்காரனாம். மூக்கனைக் கூப்பிட்டுப் படத்தைக் கையில் கொடுத்தார்.

"உறைபனி முடியிற வரைக்கும் நான் பெங்களூர்ல தங்கச்சி வீட்ல இருப்பேன். வர்றதுக்குள்ள இதைக் கட்டி முடி. நல்லா இருந்தா பங்களா பின்னாடி இருக்கிற குதிரைக்காரன் ரூம் உனக்கு. கதவு, தாழ்ப்பாள் எல்லாம் சரியா இருக்கு."

"ஆகட்டுங்க தொரை," என்றார் மூக்கன். படத்தில் கோட்டையின் முன்பக்கம் மட்டும்தான் இருந்தது. உள்ளே என்ன இருக்கும் என்று அவர் கேட்கவில்லை.

கழித்துப்போட்ட பெட்டிப் பலகையை அறுத்து மதில் எழுப்பினார். மரத்தூளைப் பசையில் குழைத்துப் பூசி, அதன்மேல் சுண்ணாம்பு அடித்தார். கூண்டுகளின் தலைக்குக் யூகலிப்டஸ் என்கிற கற்பூர மரத்துக் காயின் மூடியைக் கவிழ்த்தார். அப்படியே அசல் கோபுரம்! பெட்டிக்குள் ஒட்டும் வெள்ளித் தாளை விரித்து அகழித் தண்ணீர் ஆக்கினார். தரைக்குத் தேயிலைத் தூசி. காத்தாயி பக்கத்தில் உட்கார்ந்து பசை கிண்டினாள். "ஈயப் பொம்மைக்கு இத்தனை கதவு வைக்கிறியே, வெக்கமா இல்ல?" என்று கேட்டபடியே கிண்டினாள்.

பனி முடிந்தது. லெஸ்லி வந்த கையோடு எனக்கும் ஆள் அனுப்பினார். நான் போனபோது கோட்டை மேசைமேல் துணி மூடி இருந்தது. சமையலறை வாசலில் காத்தாயி துடைப்பத்தோடு நின்றாள். ஆட்டம் முடிந்ததும் குதிரைக்காரன் அறையைக் கூட்டித் துடைக்கத் தயாராக வந்துவிட்டாள், பாவம். லெஸ்லி துணியை எடுத்தார். வெளிப்பக்கத்தைப் பார்த்து எனக்கே வாய் பிளந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், பொறாமையாக இருந்தது. பிறகு லெஸ்லி குனிந்து உள்ளே பார்த்தார்.

"என்னா மேன் இது?"

உள்ளே டிக்கோயா இருந்தது. தகரக் கூரை போட்ட லயம், வரிசையாகக் கதவுகள். லயத்துக்கு முன்னால் ஒற்றைத் தண்ணீர்க்குழாய். நடுவே விடியற்காலையில் ஆட்களை நிறுத்திப் பேர் கூப்பிடும் பிரட்டுக்களம், அதில் தொங்கும் தப்புப் பறை. பக்கத்தில் ஆட்களை வேலை வாங்கும் கங்காணியின் வீடு. கொழுந்தெடுக்கப் போகும் தாய்மார்கள் குழந்தைகளை விட்டுப்போகும் பிள்ளைக்காம்பரா. மாதா கோயில் இருக்க வேண்டிய இடத்தில் சிவப்பும் வெள்ளையுமாகப் பட்டை போட்ட மாரியம்மன் கோயில்.

"ஸ்பெயின்காரன் கோட்டைக்குள்ள மாரியம்மன் எதுக்கு?"

"ஆளு இருக்கிற எடத்துல ஆத்தா இல்லாம எப்புடிங்க தொரை? அம்மை போட்டுருச்சுன்னா?"

ஸ்பெயின்காரனுக்கும் அம்மை போட்டிருக்கும்தானே? லெஸ்லி முணுமுணுத்துக்கொண்டே தன் தளபதியைக் கங்காணி வீட்டில் குடிவைத்தார். பீரங்கிப் படை பிள்ளைக்காம்பராவுக்குப் போனது. ஆட்டம் தொடங்கியது. வழக்கம்போல என்னை உரித்தார். முன்வாசலில் என் ஆட்கள் குவியல் குவியலாகச் சாய்ந்தார்கள். பார்க்கச் சகிக்காமல் மேசையைச் சுற்றிப் பின்பக்கம் போனேன். மதிலில், கக்கூசுக்கும் குப்பைக்குழிக்கும் நடுவில், ஒரு சின்ன ஓட்டை. அதை நோக்கி ஒற்றையடித்தடம் வேறு போட்டிருந்தது.

"ஏனுங்க மூக்கன், இதென்னங்க?"

"அது வழிங்கய்யா," என்றார் மூக்கன், இதுகூடவா தெரியாது என்கிற மாதிரி. "பிரட்டுக்குப் பிந்திட்டா கங்காணி கண்ணுல படாம உள்ள நொழையணுமில்ல? எல்லா லயத்துலயும் இருக்குங்க. அது இல்லாட்டி ஜெயிலுங்க."

மிச்சமிருந்த கொள்ளைக்காரர்களைக் காட்டு வழியாகச் சுற்றி அனுப்பினேன். ஓட்டையில் ஆள் நுழைய முடியாது என்று லெஸ்லி கத்தினார். ஒருவனை எடுத்துப் பக்கவாட்டில் விட்டுக் காட்டினேன், வெண்ணெயில் கத்தி மாதிரி போனான். அவர்கள் குப்பைக்குழியோரமாகப் பதுங்கிப் போய் ஸ்பெயின் தளபதியைக் கங்காணி வீட்டிலேயே பிடித்தார்கள். நான் பிரட்டுக்களத்துத் தப்பை விரலால் தட்டினேன். அந்த சந்தோஷத்தை என்னால் எழுத முடியாது.

லெஸ்லியின் முகம் கேத்தி பீட்ரூட் ஆனது. "ரூமும் கிடையாது, ஒண்ணும் கிடையாது. எடுத்துட்டுப் போ உன் லயத்தை!" என்று மூக்கனைப் பார்த்துக் கத்தினார்.

காத்தாயி துடைப்பத்தை மெல்ல முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனாள், யாரும் பார்த்துவிடக் கூடாது என்பதுபோல. லெஸ்லி மேல் எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. ஆனால் கோபப்பட்டால் லெஸ்லி இன்னும் முறுக்கிக்கொள்வார். அதனால் நிதானமாக டீயை உறிஞ்சினேன்.

"நல்லதாப் போச்சுங்க லெஸ்லி. மூக்கனை நான் கூட்டிட்டுப் போறனுங்க. எங்கூட்டுப் பின்னாடி ஒரு ரூம் சும்மாதான் கெடக்குது. எனக்கும் ஒரு கோட்டை வேணும். அடுத்தவாட்டி நீங்க வந்து அடிங்க. ஓட்டை எங்க இருக்குதுன்னு எனக்கும் அவருக்கும்தான் தெரியும்."

என் வீட்டுக்குப் பின்னால் அறையே கிடையாது. கோழிக்கூண்டுகூட இல்லை. மூக்கன் என்னை ஒரு பார்வை பார்த்தார். தெரியாத இடத்தை இட்டு நிரப்புவதில் கரை கண்டவர் அல்லவா? உடனே, "எப்ப வரட்டுங்கய்யா?" என்றார்.

லெஸ்லி மீசையைக் கடித்தார். பிறகு சட்டைப்பையிலிருந்து சாவியை எடுத்து மேசையில் எறிந்தார். "இவன் எங்கேயும் வரமாட்டான் மேன். மூக்கன், அடுத்த கோட்டையும் எனக்குத்தான். ஓட்டை எங்கேன்னு என்கிட்ட மட்டும்தான் சொல்லணும்."

"ஒங்ககிட்ட மட்டுந்தாங்க தொரை," என்றார் மூக்கன், என்னைப் பார்த்துக்கொண்டே.

காத்தாயி சாவியை எடுத்ததை நான் பார்க்கவில்லை. சாவி இருந்தது, பிறகு இல்லை, அவளும் இல்லை.

சாயங்கால பஸ்ஸுக்கு நான் பங்களாவின் பின்வழியாக இறங்கியபோது, மூக்கன் லயத்திலிருந்து தகரப் பெட்டியைத் தலையில் சுமந்து வந்து குதிரைக்காரன் அறை முன்னால் நின்றார். கதவு சாத்தியிருந்தது. தள்ளிப் பார்த்தார். உள்ளே தாழ்ப்பாள். என்ன செய்வதென்று தெரியாமல் சற்று நின்றார். சேலைத் திரையைத் தட்ட முடியாது, கதவைத் தட்டிப் பழக்கமில்லை அல்லவா? பிறகு விரல் முட்டியால் மெதுவாகத் தட்டினார்.

"யாரு?" என்றாள் காத்தாயி உள்ளேயிருந்து.

"நாந்தான் புள்ள."

"நான்னா? ஆருன்னு சொல்லணும்."

மூக்கன் என்னைத் திரும்பிப் பார்த்தார். பெட்டியை இறக்கி வைத்தார். சட்டையை இழுத்துச் சரிசெய்துகொண்டு, யாரோ பெரிய மனிதர் வீட்டு வாசலில் நிற்பதுபோலத் தன் பெயரைச் சொன்னார். கதவைத் திறக்க அவள் அவசரப்படவில்லை.