சில்லு வைத்த வீடு வாங்கப் போனது

ஜூலை பிறந்தால் எங்கள் தெருவில் ஒரு விசித்திரம் நடக்கும். பக்கத்து வீட்டு வெள்ளைக்காரக் கிழவரும் மனைவியும் மூன்று அறை கொண்ட நல்ல கல்வீட்டைப் பூட்டிவிட்டு, வாசலில் நிற்கும் சில்லு வைத்த வீட்டுக்குள் ஏறுவார்கள். கேத்தில், போர்வை, மடக்குக் கதிரை, நாய் எல்லாம் ஏறும். பிறகு எங்கோ ஒரு புல்வெளிக்குப் போய், தங்களைப் போலவே வீட்டைப் பூட்டிவிட்டு வந்த ஐம்பது பேருக்குப் பக்கத்தில் நின்று மழையைப் பார்த்துத் தேநீர் குடித்துவிட்டு, இரண்டு கிழமையில் சிரித்த முகத்தோடு திரும்புவார்கள். நாங்கள் லண்டனில் விம்பிள்டனுக்குக் குடிவந்த முதல் கோடையில் என் மனைவி வசந்தி ஜன்னலில் நின்று இதைப் பார்த்துவிட்டு, "பாவம், வீட்டை விட்டு எழுப்பிப்போட்டாங்களோ?" என்று கேட்டாள். குடும்பமாகச் சட்டி பானையோடு வாகனத்தில் ஏறுவதற்கு அவளுக்குத் தெரிந்த காரணம் அது ஒன்றுதான். சண்டைக்காலத்தில் ஊரோடு இடம்பெயர்ந்தபோது மூன்று நாள் டிராக்டர் பெட்டியில் இருந்தவள் அவள்.

அப்படிப்பட்ட வீடொன்றை நானே வாங்கப் போனது என் மூத்த மகள் துளசிக்காக. அவளுக்கு நியூகாசிலில் பல்கலைக்கழக இடம் கிடைத்திருந்தது. செப்டெம்பரில் போய்விடுவாள். போனால் திரும்பி வந்து எங்களோடு இருக்கப்போவதில்லை என்று எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். பதினெட்டு வயதுவரை அந்தப் பிள்ளையை ஒரு இடத்துக்குக் கூட்டிக்கொண்டு போனதில்லை. எனக்குக் கிழமை நாட்களில் ஒரு வேலை, சனி ஞாயிறில் பெட்ரோல் ஸ்டேஷன் ஷிப்ட். எங்கள் ஹொலிடே என்றால் பாரிஸில் ஒரு சாமத்தியவீட்டுச் சடங்கு, டொரொன்டோவில் ஒரு கலியாணம், அங்கே போயும் அதே முகங்கள், அதே பலகாரம். "போறதுக்கு முந்தி ஒருக்கா நாங்கள் நாலு பேரும் மட்டும் எங்கையாவது போவம் அப்பா," என்று கேட்டாள். மட்டும் என்ற சொல்லை அவள் அழுத்திச் சொன்னது இன்னும் காதில் நிற்கிறது.

ஹோட்டல் கட்டுப்படியாகாது. வசந்தி வெளிச் சாப்பாட்டைத் தொடமாட்டாள். சொந்தமாகச் சமைத்து, சொந்தக் கட்டிலில் படுத்து, முடிந்தபின் விற்றும் விடலாம் என்று துளசிதான் பழைய மோட்டார்ஹோம் யோசனையைக் கொண்டு வந்தாள். எங்களிடம் இருந்தது எட்டாயிரம் பவுண். அந்த விலைக்கு எது வாங்கலாம், எதைத் தொடக்கூடாது என்று இன்டர்நெட்டில் வாசித்துக் கட்டுக் கட்டாகத் தாள் அடித்து வைத்திருந்தாள். கட்டிலை எண்ணக்கூடாது, சீட் பெல்ட்டை எண்ணவேணும், அத்தனை பேர்தான் ஏறிப் போகலாம் என்றாள். என் லைசென்ஸுக்கு மூன்றரைத் தொன்னுக்கு மேல் பாரமான வண்டி ஓட்ட முடியாது என்றாள். எல்லாவற்றுக்கும் மேலாக, ஈரம். இந்த வாகனங்களின் சுவருக்குள் மரச்சட்டம் இருக்கிறதாம். மூட்டுகளால் மழைத்தண்ணீர் இறங்கினால் வெளியே பளபளவென்று நிற்கும், உள்ளே உக்கி உளுத்துப் போயிருக்கும். அதைக் கண்டுபிடிக்கவென்று தன் சனிக்கிழமைக் கடைச் சம்பளத்தில் ஒரு சின்ன மீற்றர் வாங்கினாள். சுவரில் வைத்தால், ஈரம் இருந்தால் கீச்சென்று கத்தும்.

முதலில் பார்த்தது கென்ட் பக்கத்தில், மனைவியை இழந்த ஒரு கிழவருடைய வண்டியை. வாங்கிய நாளிலிருந்து மாற்றிய ஒவ்வொரு பல்புக்கும் பில் வைத்திருந்தார். துளசி மீற்றரை எடுக்க முன்னமே அவர் மேல் மூலையைக் காட்டி, இந்த இடத்தில் கொஞ்சம் ஈரம் இறங்கியது, இரண்டு வருடத்துக்கு முன் அடைத்தேன், வைத்துப் பார் என்றார். வைத்தாள். மெல்லிதாக ஒருமுறை கத்தி நின்றது. பிறகு கிழவர் என் பக்கம் திரும்பி, எங்கே போகப்போகிறீர்கள் என்று கேட்டார். அந்தக் கேள்வியை இந்த நாட்டில் என்னிடம் அதிகம் கேட்டவர்கள் சீருடைக்காரர்கள். நான் உடனே லைசென்ஸையும் கவுன்சில் வரிக் கடிதத்தையும் எடுத்து நீட்டினேன். மனிதர் குழம்பிப்போய், கண்ணாடியைப் போட்டு அவற்றை மரியாதைக்கு வாசித்துவிட்டுத் திருப்பித் தந்தார். தானும் மனைவியும் ஒவ்வொரு வருடமும் ஸ்கொட்லாந்து போனதாகச் சொன்னார். துளசி தலையைக் குனிந்துகொண்டாள்.

திரும்பி வரும்போது காரில் நான் சொன்னேன்: "தானே ஒரு குறையைச் சொல்லுறான் எண்டால், சொல்லாத குறை எத்தினை இருக்கும்?"

"அப்பா, அவர் ஒனெஸ்ட்டாச் சொன்னவர்."

"கக்கூஸ் அடுப்புக்குப் பக்கத்திலை கிடக்கு," என்றாள் வசந்தி. கதை அத்தோடு முடிந்தது.

என் புத்தி எங்கே படித்தது என்று பிறகு யோசித்திருக்கிறேன். யாழ்ப்பாணத்தில் என் அப்பா ஒரு பழைய ஏ40 கார் வாங்கியபோது நானும் கூடப் போனேன். பொனெட்டைத் திறக்கவில்லை. விற்பவர் வீட்டு விறாந்தையில் இருந்து தேத்தண்ணி குடித்தார்கள். ஆர் ஆருக்கு என்ன முறை என்று கதைத்தார்கள். "நீங்கள் சொன்னால் சரிதானே," என்று அப்பா எழுந்தார். திறந்து பார்ப்பது விற்பவரைக் கள்ளன் என்று சொல்வதற்குச் சமம். குறை சொல்லி விற்பதும் வழக்கமில்லை. அந்தக் கார் ஒன்பது வருடம் ஓடியது. ஏமாற்றியிருந்தால் அந்த மனிதர் அதே சந்தையில், அதே தேர்த்திருவிழாவில் அப்பாவின் முகத்தில் விழித்திருக்க வேண்டும், அவருடைய பிள்ளைகளுக்குச் சம்பந்தம் பேசப் போன இடமெல்லாம் அந்தக் கதையும் போயிருக்கும். அங்கே ஊர் பிணை நின்றது. இங்கே நான் ஊரில்லாத இடத்தில் நின்றுகொண்டு அதே பிணையை நம்பினேன்.

கோயிலில் ஒருவர் சொல்லித்தான் வால்தம்ஸ்டோவில் இருந்த சிவாவிடம் போனோம். தன் கடைக்குப் பின்னால் யார்டு வைத்துப் பழைய வான்களும் மோட்டார்ஹோம்களும் விற்பவன். யாழ்ப்பாணத்தில் எங்களுக்குப் பக்கத்து ஊர். நான் படித்த பள்ளிக்கூடத்தில் எனக்குப் பத்து வகுப்புக் கீழே. "அண்ணை, உங்களிட்டை நான் லாபம் வைக்கமாட்டன்," என்று தொடங்கினான். வண்டி ஆறு பேர் படுக்கக்கூடியது, துடைத்துப் பளிச்சென்று நின்றது. உள்ளே மூக்கை அடைக்கும் எலுமிச்சை வாசனை. கக்கூஸ் கடைசியில், அடுப்பிலிருந்து எட்டத் தள்ளி. வசந்திக்கு முகம் மலர்ந்தது. தேத்தண்ணியும் மீன் ரோல்ஸும் வந்தன. அப்போது துளசி பையிலிருந்து மீற்றரை எடுத்தாள்.

சிவா சிரித்தான். "தங்கச்சி, இதென்ன, டொக்டர் வேலையோ?"

எனக்கு முகம் எரிந்தது. அவன் தந்த ரோல்ஸ் என் கையில் பாதி இருந்தது.

"பிள்ளை, அதை வை உள்ளுக்கை."

"ரெண்டு நிமிசம் அப்பா."

"வை எண்டு சொன்னனான்."

வைத்தாள். பையின் சிப்பை இழுத்து மூடிய சத்தம் கேட்டது. நான் எட்டாயிரத்தையும் எண்ணிக் கொடுத்து, அவனுக்கு நன்றியும் சொன்னேன். கண்ணூறு படாமல் சில்லுக்கு அடியில் தேசிக்காய் வைத்து நசுக்கிவிட்டு வண்டியை ஓட்டிக்கொண்டு வந்தோம்.

கென்ட் கிழவர் சொன்ன ஸ்கொட்லாந்துக்கே புறப்பட்டோம், போய்ச் சேரவில்லை. இரண்டாம் நாள் ஏரிகள் இருக்கும் பக்கத்தில் நல்ல மழை பிடித்தது. துளசியின் கட்டிலுக்கு மேலே தண்ணீர் கோடாக இறங்கியது. எங்கே என்று பார்க்கச் சுவரை அமத்தினேன். தேத்தண்ணியில் தோய்ந்த பாணுக்குள் போவதுபோல விரல் உள்ளே போனது. சுவரில் ஒட்டியிருந்த புதுத் தாளைக் கிழித்தால் பின்னால் கறுப்பாகப் பூஞ்சணம். என் சின்ன மகளுக்கு மூச்சிழுப்பு வந்துவிட்டது. மூன்றாம் நாள் வீட்டில் நின்றோம். திருத்துவதற்கு வாங்கிய விலையைவிடக் கூடக் கேட்டார்கள். துளசி என்னை ஒரு வார்த்தை குற்றம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நானும் கத்தி ஆறியிருப்பேன். மிச்சக் கோடை முழுவதும் கடையில் கூடுதல் ஷிப்ட் எடுத்து வீட்டில் நில்லாமல் இருந்தாள். அவள் கேட்ட அந்த ஒன்றைக்கூட என்னால் கொடுக்க முடியவில்லை.

"அவனைப் போய்க் கேளுங்கோவன்," என்று வசந்தி நச்சரித்தாள். நான் போகவில்லை. கேட்டால் கதை பரவும், லண்டனில் இருபது வருடம் இருந்தும் ஏமாந்தவன் என்று நாலு பேர் சிரிப்பார்கள் என்று பயந்தேன். வேறு பெயர் சொல்லத் தேவையில்லை, கோழைத்தனம்தான்.

துளசி புறப்படுவதற்கு முந்திய வெள்ளிக்கிழமை அவள் பெயரில் அர்ச்சனை செய்ய விம்பிள்டன் கோயிலுக்குப் போனோம். உள்ளே சிவா நின்றான். கூட ஒரு இளம் புருசன் பெண்சாதி, கைக்குழந்தையோடு. ஜெர்மனியிலிருந்து புதிதாக வந்து குடியேறியவர்கள்.

"நல்ல நேரம் வந்தியள் அண்ணை," என்றான் சிவா. "இவைக்கும் உங்கடை மாதிரி ஒண்டு பாத்து வைச்சிருக்கிறன். எப்பிடி ஓடுது எண்டு நீங்களே சொல்லுங்கோ."

"ஓம், பரவாயில்லை, ஓடுது," என்றேன்.

எனக்குப் பின்னால் துளசியின் குரல் கேட்டது. வீட்டில் பெரும்பாலும் ஆங்கிலம் கலந்தே பேசும் பிள்ளை, தெளிவான தமிழில் சொன்னாள்: "அது உக்கிப்போச்சு. மழைத்தண்ணி முழுக்க உள்ளுக்கை வந்தது. நீங்கள் சோதிச்சுப் பாக்காமல் வாங்காதேங்கோ அக்கா."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். சிவாவின் சிரிப்பு பாதியில் நின்றது. அவள் சொன்னது சரி என்று நான் ஒரேயொரு ஓம் சொன்னால் போதும். நான் சிரித்தேன்.

"சின்னப் பிள்ளைதானே. இஞ்சை பிறந்தது. இதுகளுக்கு ஒண்டும் விளங்காது."

அந்தப் புருசன் நிம்மதியாகச் சிரித்தான். சிவா என் தோளில் கை போட்டான். அந்தப் பெண் மட்டும் சிரிக்காமல் துளசியின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். துளசி என்னை நேராகப் பார்த்தாள், கோபம்கூட இல்லாமல், பஸ்ஸில் எதிரே இருக்கும் ஒருவரைப் பார்ப்பதுபோல. பிறகு செருப்புக் கழற்றும் இடத்துக்கு நடந்தாள். வசந்தி சின்னவளையும் இழுத்துக்கொண்டு அவள் பின்னால் ஓடினாள். நானும் ஒரு அடி வைத்தேன். "பூசை தொடங்கப்போகுது, வாங்கோ அண்ணை," என்று சிவா என் முழங்கையைப் பிடித்தான். அவனோடு போனேன்.

ஐயர் அர்ச்சனைத் தட்டை வாங்கிக்கொண்டு பெயர், நட்சத்திரம் கேட்டார். துளசி, உத்தரம் என்றேன். அவர் எனக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார்.

"பிள்ளை எங்கை?"

"வெளியிலை நிக்கிறா," என்றேன். திறந்த கதவால் செருப்புக் கழற்றும் இடம் தெரிந்தது. அவள் அங்கே நிற்கவில்லை.