நாலு அடிக்கு ஒரு மிதி

காதில் பாட்டு இல்லாவிட்டால் எனக்குச் சைக்கிள் ஓடாது. ஒரு காதில் மட்டும்தான் மாட்டுவேன். இன்னொரு காது பின்னால் வரும் லாரிக்கு. கொழிஞ்சாம்பாறைப் பக்கம் எங்கள் தோட்டத்து வீட்டிலிருந்து பால் சொசைட்டிக்கு இரண்டு கிலோமீட்டர். கேரியரில் பால் கேன். பாட்டு மெதுவாகப் போனால் மிதியும் மெதுவாக, பாட்டு வேகம் பிடித்தால் மிதியும் வேகமாக. எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்ட எனக்குத் தாளத்தின் பெயரெல்லாம் தெரியாது. காலுக்குத் தெரியும்.

அந்தக் காலே ஒருநாள் கவிழ்த்துவிட்டது. மெதுவாகப் போய்க்கொண்டிருந்த பாட்டில் திடீரென்று ஜமாப் மேளம் புகுந்தது. கால் அதன் பின்னாலேயே ஓடியது. வாய்க்கால் திருப்பத்தில் நான் ஒருபக்கம், கேன் ஒருபக்கம். முழங்காலில் தையல்.

அன்றைக்கே என் வீட்டுக்காரர் கேனைத் தன் பைக்கில் ஏற்றிக்கொண்டார்.

"இனி நீ சைக்கிளத் தொடாத புள்ள."

இரண்டு மாதம் கெஞ்சினேன். என் கவலையெல்லாம் வாயை மூடிக்கொண்டு கிடப்பது அந்த இரண்டு கிலோமீட்டரில் மட்டும்தான். இதை அவருக்கு எப்படிச் சொல்வது? ஓணத்துக்கு ஊர்க் கிளப்பில் பெண்களுக்கு ஸ்லோ ரேஸ் என்று நோட்டீஸ் வந்தது. அவர் கேலியாகச் சொன்னார்: "கால ஊனாம கோட்டத் தாண்டிக் காட்டு. அப்பறம் பால நீயே கொண்டு போ."

கடைசியாக வருபவர் ஜெயிக்கும் பந்தயம் அது. கால் தரையைத் தொட்டால் அவுட். விழுவதைப் பற்றிக்கூட எனக்கு அத்தனை பயமில்லை. மைக்செட்டில் என்ன பாட்டுப் போடுவார்களோ! ஒரு வாரம் இதே நினைப்பு. கடைசியில் மைக்செட்காரரிடமே போய் நின்றேன்.

"ஏனுங்கண்ணா, ஸ்லோ ரேசுக்கு மெதுவான பாட்டாப் போடுவீங்களா?"

"அம்மிணி, ஓணத்துக்குத் தாலாட்டுப் போட்டா பசங்க என்னையத் தூக்கி வாய்க்கால்ல போட்ருவானுங்க."

மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு போட்டிருந்தார்கள். ஆறு பேர் நின்றோம். பக்கத்தில் என் நாத்தனார்.

"ஏனுங் நங்கை, ஹேண்டில்பார இந்தப் பிடி பிடிக்கறீங்க? ஆசுபத்திரிக்கு இப்பவே ஆட்டோ சொல்லிரட்டா?"

விசில் அடித்தது. கூடவே ஸ்பீக்கரில் ஜமாப்!

பார்த்தால், நாத்தனார் கால் மேளத்தோடு பறக்கிறது! அந்தப் பக்கம் இரண்டு பேர், அவர்களும் அப்படியே. மெதுவாகப் போக வந்தவர்கள் துள்ளிக்கொண்டு போய்க் கோட்டைத் தாண்டினார்கள். கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. அட, இந்த வியாதி என் காலுக்கு மட்டும் இல்லையா!

என் காலும் துடித்தது. விட்டால் ஓடிவிடும், நிறுத்தினால் விழுந்துவிடுவேன். அப்போதுதான் அத்தனை சத்தத்துக்கும் அடியில் பெரிய மேளம் ஒன்று கேட்டது. நாலு அடிக்கு ஒருதரம், தும்... தும்... அதைப் பிடித்துக்கொண்டேன். தும்முக்கு ஒரு மிதி. நடுவில் ஹேண்டில்பாரை இப்படியும் அப்படியும் ஆட்டிச் சமாளிப்பு. மேளம் எப்படிப் பறந்தாலும் அது பாட்டுக்கு அது, நான் பாட்டுக்கு நான். அய்யோ, என்ன சுகம் அது! சிரிப்பு பொங்கிக்கொண்டு வந்தது. சிரித்தால் சைக்கிள் ஆடுமே என்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

மீதி இரண்டு பேரும் கால் ஊன்றியது எனக்குத் தெரியவே இல்லை. வீட்டுக்காரர்தான் கூடவே நடந்துவந்து கத்தினார்.

"ஏம்புள்ள, நீ மட்டுந்தான் பாக்கி! ஜெயிச்சுட்ட, எறங்கு!"

"கோடு இன்னும் வரலீங்க!"

கோட்டைத் தாண்டச் சொன்னது அவர்தானே. முன்னாலேயே இறங்கிவிட்டு, நாளைக்கு அவர் பேச்சை மாற்றினால்? தும்முக்கு ஒரு மிதியாகவே போனேன். பின்சக்கரமும் தாண்டியதைத் திரும்பிப் பார்த்த பிறகுதான் காலை ஊன்றினேன்.

மறுநாள் விடியலில் கேனை அவரே என் கேரியரில் வைத்துக் கட்டினார். கயிற்றை மூன்று தரம் இழுத்துப் பார்த்தார். நான் நாலாவது தரம் இழுத்துப் பார்த்துவிட்டு ஏறினேன். பாதி வழி வரைக்கும் பைக்கில் பின்னாலேயே வந்து, பத்தடிக்கு ஒருதரம் ஹாரன் அடித்தார்.

"அடிக்காதீங்க, தாளம் தப்புது!" என்றேன், திரும்பாமல்.