பொட்டு வைத்த முன்சக்கரம்

எங்கள் திருப்பதி, சித்தூர்ப் பக்கத்துக்கு வருகிறவர்கள் எல்லாரும் மலை ஏறத்தான் வருகிறார்கள். நடந்து ஏறுகிறார்கள், முட்டி போட்டு ஏறுகிறார்கள், பஸ்ஸில் வாந்தி எடுத்துக்கொண்டே ஏறுகிறார்கள். எனக்குப் பிறந்தது மட்டும் இறங்குவதற்கென்றே பிறந்தது. அதுவும் சைக்கிளில், பாறை மேல், பின்னால் யாரோ கத்தியோடு துரத்துகிற மாதிரி.

இந்தப் பந்தயத்துக்கு டவுன்ஹில் என்று பெயர். மலை உச்சியிலிருந்து ஒவ்வொருவராக அவிழ்த்து விடுவார்கள். குறைந்த நேரத்தில் கீழே வருகிறவருக்குக் கோப்பை. வழியிலேயே தங்கிவிடுகிறவருக்கு ஸ்ட்ரெச்சர். என் மகளுக்கு வயது பதினாறு. இரண்டையும் வாங்கியிருக்கிறாள். தோள் எலும்பு ஒருமுறை, மணிக்கட்டு ஒருமுறை. இரண்டாவது தடவை சித்தூரில் எலும்பு டாக்டரிடம் போனபோது அவர் எக்ஸ்ரேயைப் பார்ப்பதற்கு முன்பே என்னைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார். பெற்றவளுக்குத்தானே முதல் வைத்தியம்.

அவள் பழகுவது கங்காதர நெல்லூர்ப் பக்கம், ஒரு மாந்தோப்புக்குப் பின்னால் இருக்கும் பாறைக் குன்றில். பயிற்சியாளர் பெங்களூர்க்காரர். மாதம் ஒருமுறை நேரில் வருவார், மற்ற நாளெல்லாம் போனில் வீடியோ பார்த்துத் திட்டுவார். சொந்தக்காரர்கள் என்னைக் கேட்காத கேள்வி இல்லை. பொம்பளப் பிள்ளைக்கு எதற்கு இது, நாளைக்கு முகத்தில் தழும்பு விழுந்தால் யார் கட்டிக்கொள்வான் என்றெல்லாம் கேட்பார்கள். தழும்பே இல்லாத முகத்தோடு நான் கட்டிக்கொண்டு என்ன கண்டேன் என்று ஒருநாள் கேட்டேன். என் கணவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். பாவம், பேப்பரை இன்னும் கொஞ்சம் உயர்த்திப் பிடித்துக்கொண்டார்.

வெளியில் இப்படிப் பேசுவேனே தவிர, அவள் குன்றிலிருந்து இறங்கும்போது நான் ஒருநாளும் முழுதாகப் பார்த்ததில்லை. மாமரத்தின் பக்கம் திரும்பி நின்று காய் எண்ணுவேன்.

இந்த வருஷம் தாய்லாந்தில் ஒரு பந்தயத்துக்கு அவளுக்கு இடம் கிடைத்தது. பதினெட்டு ஆகாத பிள்ளை, கூட ஒருவர் போக வேண்டும். கணவருக்கு லீவு இல்லை. எனக்கும் இல்லைதான், ஆனால் எனக்கு வாய் இருக்கிறது. அரசு அலுவலகத்தில் வேலை பார்க்கிறவள் வெளிநாடு போக அனுமதி வாங்க வேண்டும். எங்கள் அதிகாரி விண்ணப்பத்தை இரண்டு தடவை படித்துவிட்டு, "சைக்கில் தொக்கடானிக்கி தாய்லாண்டா மேடம்?" என்று தெலுங்கில் கேட்டார். சைக்கிள் மிதிக்க தாய்லாந்து வரைக்குமா என்று அவருக்குச் சந்தேகம். மிதிக்கவே மாட்டாள் சார், சும்மா உருண்டு வருவாள் என்றேன். அப்படியா என்று கையெழுத்துப் போட்டுவிட்டார்.

அடுத்த தடை திருப்பதியில் இருந்தது. என் கணவரின் அண்ணன் அங்கே நான்கு கார் வைத்திருக்கிறார். கீழ்த் திருப்பதிக்கும் மேல் திருமலைக்கும் பக்தர்களை ஏற்றி இறக்குவது தொழில். அவருடைய வண்டிகளில் பிரேக் இருக்கிறதோ இல்லையோ, பொட்டு இருக்கும். சந்தனம், குங்குமம், முன்னால் மாலை, புது டயர் போட்டால் அதற்கும் எலுமிச்சம்பழம். இருபது வருஷமாக ஒரு கீறல் இல்லை, எல்லாம் பூசையால்தான் என்பார். எதிரில் வருகிறவர்கள் பயந்து ஒதுங்குவதால்தான் என்பது என் கட்சி.

விஷயம் கேள்விப்பட்டு வீட்டுக்கே வந்துவிட்டார்.

"ஏம்மா, கடல் தாண்டிப் போற வண்டி. ஒரு பூசை போட வேணாமா?"

"அது சைக்கிள் பாவா."

"சைக்கிளா இருந்தா இன்னா, சக்கரம் இருக்குதுல்ல? சக்கரம் இருந்தா எலுமிச்சம்பழம் வெக்கணும்."

என் மகள் உள்ளேயிருந்து வந்தாள். "பெரிப்பா, யாரும் என் சைக்கிளத் தொடக் கூடாது. பொட்டு கிட்டு எதுவும் வேணாம்."

நானும் மகள் பக்கம் சேர்ந்துகொண்டு வெளுத்து வாங்கினேன். வேகமாக இறங்குகிறவளை எலுமிச்சம்பழமா பிடித்து நிறுத்தும், ஏழு மலைக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு அடுத்த நாட்டு மலைக்கு இங்கேயே லஞ்சம் கொடுக்கிறீர்களே, அந்த ஊர்ச் சாமிக்குக் கோபம் வராதா என்றெல்லாம் கேட்டேன். நன்றாகத்தான் பேசினேன். பாவா காபிகூடக் குடிக்காமல் போய்விட்டார்.

கிளம்புகிற அன்று காலை. சென்னை ஏர்போர்ட்டுக்குப் போக வண்டி பதினொரு மணிக்கு. மகள் சைக்கிளைத் துடைத்து, புது பிரேக் பேட் மாட்டி, கூடத்தில் ஸ்டாண்டில் நிறுத்திவிட்டுக் குளிக்கப் போனாள். அவளுடைய போன் சோபாவில் கிடந்தது. அதில் அந்தத் தாய்லாந்து மலையின் வீடியோ ஓடிக்கொண்டிருந்தது. யாரோ ஒருவன் ஹெல்மெட்டில் கேமரா மாட்டிக்கொண்டு இறங்குகிறான். வேர், பாறை, வேர், ஒரு திருப்பம், திடீரென்று தரையே இல்லை. சைக்கிள் ஆகாயத்தில் போகிறது.

சட்டென்று போனைக் கவிழ்த்து வைத்தேன். காய் எண்ணுவதற்குக் கூடத்தில் மாமரமும் இல்லை.

அடுத்து நான் செய்ததை இன்றைக்கும் எங்கள் அலுவலகத்தில் யாருக்கும் சொல்லவில்லை. பூசை அலமாரியைத் திறந்தேன். எனக்கும் அந்த அலமாரிக்கும் வருஷத்துக்கு இரண்டு நாள்தான் பேச்சு வார்த்தை. சந்தனத்தைக் குழைத்தேன், குங்குமச் சிமிழையும் எடுத்துக்கொண்டேன். கைப்பிடியில் ஒரு பொட்டு, நடுக்கம்பியில் ஒன்று, அடுத்து முன்சக்கரம். காருக்குச் சக்கரத்தின் நடுவில் வைப்பார்களே, அப்படி இதிலும் நடுவில் தேடினேன். அங்கே வட்டமாக, ஓட்டை ஓட்டையாக, ஒரு தகடு பளபளத்தது. பொட்டு வைக்க அதைவிட நல்ல இடம் கிடையாது. அதற்கு மூன்று வைத்தேன். பின்சக்கரம் சுவரோரம் இருந்ததால் தப்பித்தது. என்னமோ வாய்க்குள் வேண்டிக்கொண்டேன். கோப்பை எல்லாம் கேட்கவில்லை. என் பிள்ளை முழுதாக வீட்டுக்கு வர வேண்டும், அவ்வளவுதான்.

குளியலறையில் தண்ணீர்ச் சத்தம் நின்றது. அவ்வளவு பேசிவிட்டு இப்போது கையும் களவுமாகப் பிடிபட்டால் என் மானம் என்ன ஆவது? துணியால் துடைத்தேன். சந்தனம் போயிற்று, குங்குமம் போகவில்லை, சிவப்பாக இழுத்துக்கொண்டது. குங்குமக் கறைக்கு நம் வீட்டுப் பெண்களுக்குத் தெரிந்த ஒரே வைத்தியம் தேங்காய் எண்ணெய். நெற்றியில் போகும், கழுத்தில் போகும், தாலிக்கொடியில் போகும், தகட்டில் போகாதா? போயிற்று. முன்பைவிடப் பளபளப்பாக ஆகிவிட்டது. ஒட்டுகிற மாதிரி இருந்ததால் இன்னும் கொஞ்சம் எண்ணெய் விட்டு நன்றாகத் தேய்த்து வைத்தேன்.

அவள் தலையைத் துவட்டிக்கொண்டு வந்தாள். சக்கரங்களைக் கழற்றிப் பெட்டியில் போட்டு மூடினாள். கிளம்பினோம்.

தாய்லாந்தில் அது ஒரு சின்ன மலையூர். நாங்கள் போய் இறங்கியதிலிருந்து மழை. பந்தயத்துக்குப் பிள்ளையைக் கூட்டி வந்த பெற்றவர்களின் வேலை என்னவென்று அங்கேதான் கற்றுக்கொண்டேன். குடை பிடிப்பது, சேறு கழுவுவது, சாப்பாடு போடுவது. நான் கையோடு ஒரு சின்ன ரைஸ் குக்கர் கொண்டு போயிருந்தேன். எலுமிச்சம் சாதம் கிண்டிப் போட்டேன். மலையடிவாரத்தில் ஆளுக்கொரு கூடாரம் கொடுத்திருந்தார்கள்; பக்கத்துக் கூடாரத்தில் அந்த ஊர்க்காரர் ஒருவர் தன் பையனோடு இருந்தார். அவருக்குத் தமிழும் தெரியாது தெலுங்கும் தெரியாது. போனில் பேசினால் மொழிபெயர்த்துச் சொல்லும் வசதியை வைத்துக்கொண்டு இருவரும் குடும்பக் கதை பேசினோம்.

பந்தயத்துக்கு முதல் நாள் பழகிப் பார்க்க விட்டார்கள். முதல் தடவையே என் மகள் மூன்றாவது திருப்பத்தில் விழுந்தாள். முட்டி இரண்டும் உரிந்தது. இரண்டாவது தடவை அதே இடத்தில் திரும்பாமல் நேராகப் புதருக்குள் போய்விட்டாள். மழையில் எல்லார் சைக்கிளும் பிரேக் பிடித்தால் ஊளையிட்டது. அவளுடையதும் ஊளையிட்டது. அதனால் யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை.

பெங்களூருக்கு வீடியோ அனுப்பினாள். பயிற்சியாளர் போனில் கேட்டார், பேட் எப்படியிருக்கிறது என்று.

"புதுசு சார். நானே மாத்துனேன். யாரும் தொடல" என்றாள்.

நான் பக்கத்தில் உட்கார்ந்து அவள் முட்டிக்கு மருந்து தடவிக்கொண்டிருந்தேன்.

அப்படியென்றால் கோளாறு தலைக்குள்தான் என்று அவர் சொல்லிவிட்டார். பயந்து பயந்து பிரேக் பிடிக்கிறாளாம், பயம் வந்துவிட்டால் இந்த விளையாட்டு கஷ்டமாம். அவள் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டாள்.

அப்போதுதான் பக்கத்துக் கூடாரத்தில் பளாரென்று ஒரு சத்தம். அந்த மனிதர் தன் பையனின் கையில் ஓர் அடி போட்டிருந்தார். பையன் முன்சக்கரத்துத் தகட்டை விரலால் தொட்டுவிட்டானாம். அவர் கையுறை மாட்டிக்கொண்டு, ஏதோ ஸ்பிரிட் ஊற்றி அதைத் துடைத்தார். தொட்டால் என்ன என்று போனில் கேட்டேன். போன் அவருடைய பதிலைத் தமிழில் சொன்னது: பிரேக் பேட் இந்தத் தகட்டைத்தான் கவ்வும், விரலில் உள்ள எண்ணெய் பட்டால் பிரேக் பிடிக்காது.

விரல் எண்ணெய்க்கே அந்த அடி. நான் ஊற்றித் தேய்த்தது செக்கில் ஆட்டியது.

சாயங்காலம் அறைக்கு வந்தோம். நான் குக்கரில் அரிசி போட்டுக்கொண்டிருந்தேன். அவள் கட்டிலில் உட்கார்ந்து தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, நான் நாளைக்கு ஓட்டல."

"ஏன்?"

"என் கைதான் தப்பு. அதே எடத்துல எல்லாரும் திரும்பறாங்க. எனக்கு மட்டும் வரல. நான் பயந்தாங்கொள்ளி. வூட்டுக்குப் போயிட்டு சைக்கிள வித்துடலாம்."

உண்மையைச் சொல்கிறேன், எனக்குச் சந்தோஷமாக இருந்தது. கேட்டது கேட்டபடி கிடைத்துவிட்டது. பிள்ளை முழுதாக வீட்டுக்கு வரும், இனிமேல் எந்த மலையிலிருந்தும் உருளாது, எலும்பு டாக்டர் தலையில் அடித்துக்கொள்ள வேண்டாம். நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். என் வாழ்நாளில் வாயை மூடி இவ்வளவு லாபம் வேறு எதிலும் வந்திருக்காது. மூடிக்கொண்டேன். எலுமிச்சம்பழத்தைப் பிழிந்தேன், தாளித்தேன், சாதத்தைக் கிளறித் தட்டில் போட்டேன்.

"துன்னு" என்றேன்.

"வேணாம்மா."

"ரெண்டு வாய் துன்னு."

"நைனாகிட்ட இன்னா சொல்றது? இவ்ளோ தூரம் வந்துட்டு, பயந்துட்டேன்னு சொல்லணும்." அழவில்லை. அழுதிருந்தால் சமாளித்திருப்பேன். தோள் எலும்பு உடைந்து படுத்திருந்தபோது, எப்போது மறுபடி ஓட்டலாம் என்று டாக்டரைக் கேட்ட பிள்ளை அது. இப்போது ஏதோ திருட்டுத்தனம் செய்தவள் மாதிரி உட்கார்ந்திருந்தாள். செய்தவள் குக்கர் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள்.

"அது உன் கை இல்ல" என்றேன்.

"சும்மா சொல்லாதம்மா."

"சும்மா இல்லடி. கெளம்பற அன்னிக்கு நீ குளிக்கப் போனல்ல? முன்சக்கரத்துல அந்தத் தகடு இருக்குதே, அதுல பொட்டு வெச்சேன்."

நிமிர்ந்து பார்த்தாள். "நீயா?"

"நாந்தான்."

"பொட்டுதான? அதான் இல்லியே, நான் மாட்டும்போது சுத்தமா இருந்துச்சே."

"நீ பாத்துடுவேன்னு துடைச்சுட்டேன். தேங்காண்ண போட்டு."

தட்டைத் தள்ளி வைத்தாள். "எவ்ளோ?" என்றாள்.

"நல்லா தாராளமாத்தான்."

பிறகு அவள் பேசிய பேச்சை எழுத முடியாது. பதினாறு வயதில் எனக்கு அவ்வளவு வார்த்தை தெரியாது. பெரியப்பாவை அந்தப் பேச்சு பேசினியே, நீயெல்லாம் ஒரு ஆளா, மூன்றாவது திருப்பத்துக்கு அப்பால் என்ன பள்ளம் இருக்கிறது தெரியுமா, செத்திருப்பேன் என்றாள். எல்லாம் நியாயம். பயந்துட்டேன்டி, வேறென்ன செய்யறதுன்னு தெரியல என்றேன். திட்டிக்கொண்டே தட்டை இழுத்துத் தின்ன ஆரம்பித்தாள். இரண்டாவது தடவையும் போட்டுக்கொண்டாள்.

பக்கத்துக் கூடாரத்து மனிதரிடம் ஸ்பிரிட்டும் புதுப் பேடும் கிடைத்தன. பழைய பேடை அவர் முகர்ந்து பார்த்தார். என்னைப் பார்த்தார். போன் எதையும் மொழிபெயர்க்கத் தேவைப்படவில்லை.

மறுநாள் காலையில் மகள் கார் நிறுத்துமிடத்தில் போவதும் பிரேக் பிடிப்பதுமாக இருபது தடவை ஓட்டினாள். பிறகு ஒரு தடவை மலையிலிருந்து பழகிப் பார்த்தாள். மூன்றாவது திருப்பத்தில் சைக்கிள் ஒழுங்காகத் திரும்பியது. என்னிடம் கட்டை விரலை மட்டும் காட்டிவிட்டு மேலே போகிற வண்டியில் ஏறிக்கொண்டாள்.

நான் கீழே கயிற்றோரம் நின்றேன். டவுன்ஹில்லில் பெற்றவர்கள் கண்ணுக்குப் பிள்ளை தெரிவது கடைசி சில நொடிதான். மற்ற நேரமெல்லாம் மலையைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். அவளுடைய எண்ணை ஒலிபெருக்கியில் சொன்னார்கள். மேலே விட்டுவிட்டார்கள் என்று அர்த்தம். அந்த நான்கு நிமிஷமும் உண்மையைச் சொன்ன வாயை நானே சபித்துக்கொண்டு நின்றேன். அரிச்சந்திரன் பொண்டாட்டி மாதிரி எதற்கு எனக்கு இந்த வேலை, நேற்றோடு முடிந்திருக்குமே என்று. ஆனால் தலையைத் திருப்பவில்லை. மரத்துக்குள்ளிருந்து சேறும் ஹெல்மெட்டுமாக ஒன்று பாய்ந்து வந்தது. முழுதாகப் பார்த்தேன்.

இருபத்தாறு பேரில் பத்தொன்பதாவது. சைக்கிளைச் சாய்த்துவிட்டு மூச்சு வாங்கிக்கொண்டு என்னிடம் வந்தாள்.

"ஒண்ணு கேக்கறேன். நீ நேத்து சொல்லாம இருந்திருந்தா நான் இன்னிக்கு மேல போயிருக்கவே மாட்டேன். உனக்கும் அதான வேணும்?"

"ஆமா."

"அப்பறம் ஏன் சொன்ன?"

"உன்னத் திட்டறது என் வேலை. நேத்து நீயே உன்னத் திட்டிக்கினு உக்காந்திருந்த. என்னால பாக்க முடியல."

அவள் ஹெல்மெட்டைக் கழற்றி என் கையில் திணித்தாள். அப்படியே என் துப்பட்டாவை இழுத்து, முகத்துச் சேற்றையெல்லாம் அதில் துடைத்து, கொஞ்ச நேரம் முகத்தை எடுக்காமல் அதிலேயே வைத்துக்கொண்டிருந்தாள். அது புதுத் துப்பட்டா. எருமை மாடே, உனக்கு வேற துணி கெடைக்கலியா என்று ஆரம்பித்து, நெஞ்சு நிறைய அவளைத் திட்டினேன்.