இரண்டு இல்கோவுக்கும் ரொட்டி

ஒலேசியா கோஸ்டியுக் தன் கொள்ளுத்தாத்தாவைக் கல்லறைத் தோட்டத்திலிருந்து துரத்திவிட்டாள் என்பதுதான் வெர்பிவ்காவில் இப்போது சூடான பேச்சு. அவளே தோண்டி எடுத்து, ஸ்கூல் பஸ்ஸில் போட்டுக்கொண்டு போய், நெஸ்டர் பபியுக்கின் வயலில் நட்டுவிட்டாளாம். நிலத்துக்கு உரிமை கொண்டாடத்தானாம். பஸ் ஜன்னலில் எலும்பையே பார்த்தேன் என்கிறாள் ஒருத்தி. எதிரே நிற்கிற மனுஷனையே அவளுக்கு அடையாளம் தெரியாது, அது வேறு விஷயம். நடந்ததைச் சொல்கிறேன், கேளுங்கள்.

ஒலேசியாவுக்கு ஐம்பத்தாறு வயது. இருபத்திரண்டு வருஷமாக ஸ்கூல் பஸ் ஓட்டுகிறாள். குரல் பஸ் ஹாரனைவிடப் பெரிது, மனசும் அப்படியே. ஈஸ்டருக்கு அடுத்த ஞாயிறு ஊரே இறந்தவர்களைப் பார்க்கப் போகும். கல்லறைமேல் துணி விரித்து, பாஸ்கா ரொட்டியும் வண்ண முட்டையும் வைத்து, பாதிரியார் தண்ணீர் தெளித்ததும் அங்கேயே உட்கார்ந்து சாப்பிடுவார்கள். மூன்று தலைமுறையாக ஒலேசியா வீட்டு ரொட்டி, 'இல்கோ கோஸ்டியுக்' என்று எழுதிய சிமெண்ட் சிலுவைக்குத்தான் போனது. உக்ரைனிலிருந்து கப்பலேறிக் கனடா வந்து, முதல் குளிர்காலத்தை மண்ணில் தோண்டிய குழிவீட்டில் கழித்த கொள்ளுத்தாத்தா அவர்.

குடும்பம் வந்து நூற்றிருபது வருஷம் ஆகிறதே, வம்சக் கதையை எழுதி வைப்போம் என்று தேவாலயத்துப் பழைய பதிவேட்டைப் புரட்டியவளுக்குத் தலை சுற்றியது. சிலுவைக்காரர் செத்தது 1931இல். ரயில் பாதை போட வந்தவர். கல்யாணம் ஆகாதவர், சொந்தம் யாருமில்லை. ஒரே கிராமத்திலிருந்து வந்தவர்களில் பாதிப் பேருக்கு ஒரே பேர். யாரோ பேரைப் பார்த்ததும் "நம்ம தாத்தா" என்று ரொட்டியை இறக்கியிருக்கிறார்கள்.

"அப்ப எங்க ஆளு எங்க, ஃபாதர்?"

ஃபாதர் ஓரெஸ்ட் கண்ணாடியைத் துடைத்தார். "அவரு செத்த 1904ல இங்க சர்ச்சே கிடையாதும்மா. குதிரையில சுத்தி வந்த பாதிரியோட நோட்டு ஒண்ணு இருக்கு, பாரு."

அதில் இருந்தது: 'இல்கோ கோஸ்டியுக். விட்டுச் சென்றது மனைவி, நாலு பிள்ளைகள். அடக்கம், சொந்த நிலத்தின் வடகிழக்கு மூலையில், கற்களுக்குக் கீழே.'

அந்த நிலத்தை அவள் அப்பா எப்போதோ நெஸ்டரின் தாத்தாவுக்கு விற்றுவிட்டார். இப்போது நெஸ்டருடையது. மூலையில் கிடக்கிற கற்குவியலை மறுநாள் காலை புல்டோசரால் தள்ளப் போவதாக அவன் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தான். புது விதைப்பு இயந்திரம் அங்கே திரும்ப மாட்டேன் என்கிறதாம்.

மறுநாள் பிள்ளைகளைப் பள்ளியில் இறக்கிய கையோடு ஒலேசியா பஸ்ஸை வயலுக்குள் விட்டாள். புல்டோசருக்கும் கற்களுக்கும் நடுவே குறுக்காக நிறுத்தினாள்.

"ஏ ஒலேசியா, பைத்தியமா உனக்கு? பஸ்ஸ எடு!"

"எங்க தாத்தா கீழ படுத்திருக்காரு. மேல ஏத்துவியா?"

"உங்க தாத்தா சர்ச்சுல இருக்காரு. வருஷா வருஷம் அவருக்கு வச்ச ரொட்டிய நானே தின்னிருக்கேன்."

"அது வேற ஆளுடா."

"அப்ப இத்தன வருஷம் யாருக்கு அழுதீங்க?"

"அதான் வயிறெரியுது. நீ சொல்லு, உங்கப்பா ஏன் இந்தக் கல்லத் தொடல?"

நெஸ்டர் தலையைச் சொறிந்தான். "அவரோட அப்பா சுத்திப் போய் உழுதாரு, இவரும் சுத்திப் போனாரு. ஏன்னு கேட்டா, வேலையப் பாருன்னாரு."

"உனக்கு மட்டும் அந்தப் புத்தி வரல."

மேல்கற்களை இருவரும் கையாலேயே எடுத்தார்கள். அடியில், பாசி பிடித்த பெரிய கற்கள் சிலுவை வடிவத்தில் அடுக்கப்பட்டிருந்தன. நெஸ்டர் தொப்பியைக் கழற்றினான். அவனுக்கு அது பெரிய விஷயம்.

அப்புறம் கேட்டான். "நிலத்தக் கேக்க மாட்டியே?"

"ஆறடி போதும்டா. இத்தன வருஷமா அதுலதான் அடங்கிக் கிடக்காரு."

ஞாயிறன்று ஃபாதர் ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு முதலில் வயலுக்கே வந்து தண்ணீர் தெளித்தார். கல்லறைத் தோட்டத்தில் காத்திருந்தவர்கள் சிமெண்ட் சிலுவைக்கு முன்னால் ரொட்டி இல்லாததைப் பார்த்தார்கள். வயலில் பஸ் நின்றதும் ஞாபகம் வந்தது. போதாதா? ஒலேசியா சேற்றுக்காலோடு கூடையைத் தூக்கிக்கொண்டு வந்து சேர்வதற்குள் கதை எலும்பு வரைக்கும் வளர்ந்துவிட்டது.

ரயில் பாதைக்காரர்மேல் துணியை விரித்துக்கொண்டே, கடைசி வரிசைக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள்:

"நான் யாரையும் தோண்டவுமில்ல, துரத்தவுமில்ல. மூணு தலைமுறையா எங்க ரொட்டியத் தின்னவரு எங்க வீட்டு ஆளுதான். இனிமே ரெண்டு பாஸ்கா சுடறேன், அவ்வளவுதான். லேட்டானதுக்குக் காரணம், என் காரு வயல் சேத்துல மாட்டிக்கிச்சு. நெஸ்டர் புல்டோசர வச்சுத்தான் இழுத்தான்."