எடைக்குப் போட்ட பதிவேடு

பங்குச் சாமியாரே, கோவிலின் லத்தீன் ஏடுகளை எடைக்குப் போட்டது நீங்கள்தான்.

வலிப்பு வருகிறதென்று பள்ளிக்கூடம் என் மகளை நிறுத்திவிட்டது. பதினைந்து வயது. வீட்டிலேயே நான் பாடம் சொன்னேன். கோவில் பூசை லத்தீனிலிருந்து தமிழுக்கு மாறிய பிறகும் அவளுக்கு லத்தீன் மேல் ஆசை. தபால் பாடத்துக்கு வசதியில்லாமல், சேலத்தில் பழைய பேப்பர் கடையில் புத்தகம் தேடினேன்.

கடைக்காரர் ஒல்லி. ஒரு கண்ணில் பூ விழுந்திருந்தது. எந்தத் தாளையும் கிழிக்கும் முன் கட்டைவிரலால் தடவிப் பார்ப்பார். லத்தீன் இலக்கணம் ஒன்றைத் தந்தவர், அடியிலிருந்து தடித்த கையெழுத்து ஏடு ஒன்றையும் உருவினார்.

"இதையும் கொண்டு போங்க. காசு வேண்டாங்க."

"எனக்கு எதுக்குங்க?"

"எனக்குப் படிக்கத் தெரியாதுங்க. ஆனா ஒவ்வொரு வரியும் ஒரு ஆளு நிக்கறாப்பல இருக்குது. கிழிச்சுக் கடலைப் பொட்டலம் மடிக்கக் கை வரலீங்க."

அது நம் கோவிலின் லத்தீன் சாவுப் பதிவேடு. ஆறு மாதத்தில் லத்தீன் கற்று மகள் அதை வாசித்தாள். பிறந்த அன்றே ஞானஸ்நானம் பெறாமல் இறந்ததால் என் மூத்த மகனை, கல்லறைத் தோட்டத்துச் சுவருக்கு வெளியே புதைத்ததாக எழுதியிருந்தது. உள்ளே கோவிலார் காட்டிய குழியில்தான் இத்தனை வருடமும் மெழுகுவர்த்தி ஏற்றினேன்.

படிக்கத் தெரியாத அந்த மனிதர் என் பிள்ளையைக் கிழிக்கவில்லை. சுவருக்கு வெளியே அவன் எந்த இடத்தில் கிடக்கிறான்? ஞாயிறு பூசையில், எல்லோர் முன்னாலும் சொல்லுங்கள்.