எம் பேருல போயிட்டு வா

"எம் பேருல போயிட்டு வா" என்று கத்தரீனாள் சொல்லும்போது அவள் கை வேறொரு வேலையில் இருக்கும். வெங்காயம் உரித்துக்கொண்டிருப்பாள். இல்லையென்றால் தேயிலைக் கொழுந்து வெட்டும் கத்திரியைக் கல்லில் தீட்டிக்கொண்டிருப்பாள். முகத்தைக்கூடத் திருப்ப மாட்டாள். குடும்பஸ்ரீ மகளிர் குழுக் கூட்டத்துக்கு மூத்த மகள் போவாள். கோயில் ஜெபக்கூட்டத்துக்குப் பக்கத்து வீட்டுக்காரி போவாள். பள்ளிக்கூடத்தில் பெற்றோரைக் கூப்பிட்டால் கொழுந்தன் பொண்டாட்டி ரிஞ்சு போய், கடைசிப் பிள்ளை ஜிபியின் அம்மா என்று கையெழுத்துப் போட்டுவிட்டு வருவாள். துக்க வீட்டுக்கு மட்டும் கத்தரீனாள் தானே போவாள். "அங்க ஆள் அனுப்புனா செத்தவுகளுக்குத் தெரிஞ்சிரும்லா" என்பாள்.

"நல்ல வேள, கல்யாணத்துக்கு மட்டும் இவ ஆள் அனுப்பல, நேர்லயே வந்துட்டா" என்பார் அவள் வீட்டுக்காரர் சூசையப்பன்.

"அனுப்பியிருந்தா நாந் தப்பிச்சிருப்பேன்" என்பாள் இவள்.

இது சோம்பேறித்தனம் இல்லை. வண்டிப்பெரியாருக்கு மேலே உள்ள அந்தத் தேயிலை எஸ்டேட்டில் முன்பு பதிலாள் வழக்கம் உண்டு. ஒருத்திக்குக் காய்ச்சல் என்றால் தங்கையோ மகளோ அவள் பேரில் மலை ஏறலாம். கொழுந்து அவள் கணக்கில் சேரும், வருகையும் விழும். கத்தரீனாளே எட்டாம் வகுப்போடு நின்று, அம்மா பேரில் மலை ஏறியவள்தான். எஸ்டேட்டில் அந்த வழக்கம் போய் எத்தனையோ வருடமாகிறது. கத்தரீனாளிடமிருந்து போகவில்லை. ஆள் இல்லாவிட்டாலும் பேர் விட்டுப்போகக்கூடாது. நாற்பத்து மூன்று வயதில் அவள் நம்புகிற இரண்டு விஷயங்களில் இது ஒன்று. இன்னொன்று மாதா.

இவளிடம்தான் செல்வப்பிரியா வந்து மாட்டிக்கொண்டாள்.

செல்வப்பிரியாவுக்குச் சொந்த ஊர் பாலக்காட்டுப் பக்கம் நல்லேப்பிள்ளி. நெல் வயலுக்கு நடுவே சமதரையில் வளர்ந்தவள். மலைப் பாதையில் பஸ் ஏறினால் இரண்டாவது வளைவிலேயே வாந்தி எடுப்பாள். ஒரு மருத்துவக் கல்லூரி நடத்தும் ஆய்வில் அவளுக்கு வேலை. மாசமாக இருந்தபோது ரத்த அழுத்தமோ சர்க்கரையோ ஏறிய பெண்களை, பல வருடம் கழித்து வீடு தேடிப் போய்ப் பார்க்க வேண்டும். பிள்ளை பிறந்ததும் அந்த அழுத்தம் இறங்கிவிடும், எல்லாரும் மறந்தும் விடுவார்கள். ஆனால் அது வந்துபோன உடம்பில் பின்னாளில் நெஞ்சுக்கு ஆபத்து அதிகம். யாருக்கு, எப்போது, எப்படி என்று கண்டுபிடிக்கத்தான் வருடத்துக்கு ஒரு தடவை உயரம், எடை, அழுத்தம், ரத்தம் எல்லாம் பார்த்து எழுதுகிறார்கள்.

எழுதுவது சுலபம், கேட்பதுதான் பெரும்பாடு. மாசமா இருக்கையில் பிரஷர் இருந்ததா என்று கேட்டால் லயத்து வரிசை வீடுகளில் ஒரு பெண்ணும் ஆமாம் என்று சொல்வதில்லை. உப்பில்லாத கஞ்சி குடித்தீர்களா என்று கேட்க வேண்டும். கத்தரீனாளும் முதல் கேள்விக்கு இல்லை என்று தலையாட்டியவள்தான். இரண்டாவதைக் கேட்டதும் முகம் சுளித்தாள். "அத ஏன் கேக்கீய! ரெண்டு மாசம். காலு ரெண்டும் பலாக்கா மாதிரி வீங்கி, கடசில ஜன்னி கண்டு, பல்லக் கிட்டிக்கிட்டுத்தான் ஜிபிய பெத்தேன்." பதினாலு வருடத்துக்கு முன் நடந்ததை வெங்காயம் உரித்துக்கொண்டே சொன்னாள். "புள்ள வெளிய வந்திச்சு, வியாதியும் கூடவே வெளிய போயிருச்சு. சாரமில்ல."

சாரமில்ல என்றால் பரவாயில்லை. மலையாளத்திலிருந்து வந்த சொல். கத்தரீனாள் வாயில் அது ஒரு நாளைக்கு நாற்பது தடவை வரும். பல் வலிக்கும் சொல்வாள், கூரை ஒழுகினாலும் சொல்வாள்.

செல்வப்பிரியா அன்று வந்தது உப்பில்லாக் கஞ்சிக் கதை கேட்க அல்ல. அவளுக்கு முன்னால் அந்த வேலையில் இருந்த பெண் விட்டுப்போன காகிதக் கட்டுக்குள் கத்தரீனாள் பேரில் இருந்த தாள் வினோதமாக இருந்தது. முதல் வருடம் அந்தப் பெண்ணே வீட்டில் வந்து பார்த்து எழுதியது: உயரம் நூற்று நாற்பத்தொன்பது, அழுத்தம் கூடுதல். அடுத்த மூன்று வருடமும் எஸ்டேட் டிஸ்பென்சரியில் முகாம் போட்டு வேறு ஆட்கள் எழுதியது: உயரம் நூற்று ஐம்பத்தெட்டு, அழுத்தம் நூற்றுப் பதினெட்டுக்கு எழுபத்தாறு. அந்தப் பக்கத்து அறுபத்து நான்கு பெண்களில் இவ்வளவு அழகான நெஞ்சு வேறு யாருக்கும் இல்லை. ஆய்வை நடத்துகிற டாக்டர் சரஸ்வதியம்மாள் போனில் சிரிக்காமல் சொன்னார்: "நாற்பது வயசுக்கு மேல ஒன்பது சென்டிமீட்டர் வளர்ந்த அந்தம்மாவை எனக்காக ஒருக்கா பார்த்துட்டு வாங்க."

வந்து பார்த்தால், எதிரே நிற்பது தன் காதுக்குக்கூட எட்டாத கத்தரீனாள். பக்கத்து வாசலில், நிலையில் தலை இடிக்காமல் குனிந்து வெளியே வருகிறாள் ரிஞ்சு. செல்வப்பிரியா தாளை இன்னொரு தடவை எடுத்துப் பார்த்தாள்.

"ஏனுங்க்கா, மூணு வருசமா டிஸ்பென்சரிக்கு வந்தது நீங்க இல்லீங்களா?"

"கொழுந்து கூடுன மாசத்துல கூப்பிட்டா மலைய விட்டுட்டு எப்படி வர? ரிஞ்சு போனால்லா."

"பேரு கேட்டிருப்பாங்களே!"

"எம் பேரத்தான சொன்னா. ஏட்டி, என்ன சொன்ன?"

"கத்தரீனாள்னு சொன்னேன்" என்றாள் ரிஞ்சு, பெருமையாக. "வயசு கேட்டாவ, அக்கா வயச சொன்னேன். எத்தன புள்ளன்னு கேட்டாவ, மூணுன்னேன். எனக்கு ஒண்ணுதான். அக்கா பேருல போனா அக்கா புள்ளையத்தான எண்ணிச் சொல்லணும்?" ஆய்வின் அட்டையையும் எடுத்துக் காட்டினாள். அதில் பேர் இருந்தது, படம் இல்லை. மூன்று வருடமாக அது ரிஞ்சுவின் பர்சில்தான் இருக்கிறது.

செல்வப்பிரியா பையைக் கீழே வைத்தாள். கத்தரீனாளைச் சுவரோரம் நாற்காலியில் உட்காரவைத்து, கையில் பிரஷர் மெஷினின் பட்டையைச் சுற்றினாள். "அஞ்சு நிமிசம் சும்மா உக்காரோணுங்க. பேசக்கூடாது."

சும்மா உட்காருவது கத்தரீனாளுக்குத் தெரியாத ஒரே வேலை. நாற்பது வினாடியில், "அடுப்புல பாலு" என்று எழுந்தாள். மறுபடி உட்காரவைத்தால், "நீங்க சாப்ட்டீயளா?" என்றாள்.

"பேசக்கூடாதுங்க."

"பேசலியே. கேட்டேன்."

மூன்றாம் தடவை மடியில் அரிசித் தட்டை வைத்துக் கல் பொறுக்கத் தொடங்கினாள். செல்வப்பிரியா தட்டைப் பிடுங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டாள். தன் கை கல் பொறுக்க ஆரம்பித்தது அவளுக்கே தெரியவில்லை. நாலாம் தடவைதான் மெஷின் ஓடியது. நூற்று எழுபத்திரண்டு, கீழே நூற்றாறு. மறுபடி பார்த்தாள். இரண்டு கூடியதே தவிரக் குறையவில்லை.

"ஏத்தம் ஏறி வந்தேம்லா, அதான்" என்றாள் கத்தரீனாள்.

"நீங்க ஏறி வந்து முக்கா மணி நேரமாச்சுங்க்கா!"

"அப்ப மெஷினுக்கு மூச்சு வாங்குது. சாரமில்ல."

ரிஞ்சு நிலையில் சாய்ந்தபடி, யாரிடம் என்றில்லாமல் சொன்னாள்: "இப்பல்லாம் அக்கா மூணாவது வளைவுல நின்னு செருப்பு வாரச் சரி பண்ணும். தெனமும். அந்த வாருக்கு ஒண்ணுமில்ல, நான் பாத்துட்டேன்."

கத்தரீனாள் அவளை ஒரு பார்வை பார்த்தாள். செருப்பு வாசலில்தான் கிடந்தது. வார் புத்தம் புதிது.

வியாழக்கிழமை டவுன் ஆஸ்பத்திரிக்கு நெஞ்சை ஸ்கேன் பண்ணுகிற டாக்டர் வருவார், தவறாமல் வர வேண்டும் என்று செல்வப்பிரியா சொன்னாள். கத்தரீனாள் அரிசித் தட்டைத் திரும்ப வாங்கிக்கொண்டாள். "வியாழக்கிழம பெரிய மலையில வெட்டு. ஏட்டி ரிஞ்சு, எம் பேருல போயிட்டு…"

செல்வப்பிரியா கத்திவிட்டாள். அதுவரை அந்த லயத்தில் யாரும் அவள் குரல் உயர்ந்து கேட்டதில்லை. "என்னங்க்கா நீங்க! மூணு வருசமா ரிஞ்சுக்கா நெஞ்சுதானுங்க நல்லா இருக்குது! உங்க நெஞ்சு எப்படி இருக்குதுன்னு இந்த ஒலகத்துல ஒருத்தருக்கும் தெரியாதுங்க! நாளைக்கு டாக்டர் மாத்திரை எழுதிக் குடுத்தா அதையும் ரிஞ்சுக்காதான் முழுங்குவாங்களா? அவங்க முழுங்குனா உங்களுக்கு எறங்குமுங்களா?"

"அக்கா சொன்னா முழுங்கிருவேன்" என்றாள் ரிஞ்சு. விளையாட்டாகச் சொல்லவில்லை.

பக்கத்து வாசல்களில் நின்றவர்கள் சிரித்தார்கள். "ஏனுங்க மேடத்துக்குக் கோவமுங்க" என்று ஒருத்தி கோயம்புத்தூர் பேச்சில் பழிப்புக் காட்டினாள். கத்தரீனாள் மட்டும் சிரிக்கவில்லை. ரிஞ்சுவையே பார்த்துக்கொண்டிருந்தாள். சாரமில்ல என்று சொல்ல வாய் திறந்த மாதிரி இருந்தது. சொல்லவில்லை.

வியாழக்கிழமை காலை எட்டரை மணிக்கே செல்வப்பிரியா ஆஸ்பத்திரி வராந்தாவில் வந்து நின்றாள். ஒன்பது மணி பஸ்ஸில் யாரும் வரவில்லை. ஒன்பதே முக்கால் பஸ்ஸில் ரிஞ்சு இறங்கினாள். தனியாக. கையில் அந்த அட்டை.

செல்வப்பிரியாவுக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. படியிறங்கிப் போய்ச் சண்டை போடலாம் என்று காலெடுத்தாள். அதற்குள் பஸ்ஸின் பின்பக்கத்திலிருந்து கத்தரீனாள் வந்தாள். கோயிலுக்குக் கட்டுகிற சேலை. கேட்டிலிருந்து வராந்தாவுக்கு இருபது அடி ஏற்றம்தான். பாதியில் நின்று குனிந்து, செருப்பு வாரைச் சரி செய்தாள். ரிஞ்சுவும் நின்று, வேறு பக்கம் பார்த்துக்கொண்டாள்.

"இன்னைக்கு மலையில எம் பேருக்கு ஆள் இல்ல" என்றாள் கத்தரீனாள், செல்வப்பிரியாதான் ஏதோ குற்றம் செய்துவிட்ட மாதிரி. "போதுமா?"

இருவரும் பெஞ்சில் உட்கார்ந்தார்கள். ஒரு மணி நேரம் கழித்து நர்ஸ் கதவைத் திறந்து, தாளைப் பார்த்துக் கூப்பிட்டாள்: "கத்தரீனாள்!"

"இருக்கேன்" என்று ரிஞ்சு எழுந்துவிட்டாள்.

கத்தரீனாள் அவள் துப்பட்டாவைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தாள். அவள் கையிலிருந்த அட்டையை வாங்கி, சேலைத் தலைப்பில் ஒருமுறை துடைத்து, பேர் நர்ஸுக்குத் தெரிகிற மாதிரி பிடித்துக்கொண்டு உள்ளே போனாள்.