ஒரு விரற்கடை பின்னால்

கல்யாணமான மறுவருஷமே என் பழைய குடல் புண் திரும்பிவிட்டது. வயிற்றுப்போக்கு, ரத்தம். பாளையம்பட்டியில் அம்மா வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். எட்டு மாதம் கஞ்சியும் மோரும். தேறி வந்தபோது மாமியார், "இன்னொரு தடவ படுத்தா அங்கேயே இருந்துக்க" என்றார். அவர் சொன்னால் சொன்னதுதான்.

அதனால்தான் வலது விலாவுக்குக் கீழே புதிதாக ஒரு வலி வந்தபோது நான் வாயைத் திறக்கவில்லை. தறியில் முகம் சுளித்ததை என் வீட்டுக்காரர் பார்த்துவிட்டார். நெய்த துணி சுருளும் மரம் வயிற்றுக்கு நேராக இருக்கும். "மரம் இடிக்குதா?" என்று கேட்டார். தலையாட்டிவிட்டேன். எவ்வளவு சுலபமாகப் போயிற்று அந்தப் பொய்.

உட்காரும் பலகையை அன்றே ஒரு விரற்கடை பின்னால் தள்ளினார். ஒவ்வொரு வலிக்கும் ஒரு விரற்கடை. பண்டிகைச் சோறு தின்றுவிட்டுச் சும்மா படுத்திருக்கும்போதுகூட வலித்தது, அதைச் சொல்லவில்லை. இரண்டு வருஷத்தில் தறி என்னை விட்டு விலகிப்போய்விட்டது. எட்டி எட்டி நெய்தேன்.

ஒரு நாள் குளிர்காய்ச்சல் வந்து கண் மஞ்சளானது. யுத்த காலம், பெட்ரோல் கிடைக்காமல் பஸ் கரியில் ஓடியது. அவர் மடியில் தலை வைத்து மதுரைக்குப் போனேன். கரிசல் காடும் பருத்தியும் தண்ணீரில் மிதப்பதுபோலப் போய்க்கொண்டிருந்தன. செத்துவிடுவோம் என்று தோன்றியது, பயமாகவே இல்லை.

தறி மரம் இடித்து வந்த வலி என்று டாக்டரிடம் என் வீட்டுக்காரர் சொன்னார்.

"பித்தப்பையில கல்லு. தறிய விட்டு எந்திரிச்சா வலி நிக்குமா?" என்றார் டாக்டர்.

"நிக்காதுங்க" என்றேன்.

வீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார். "மரம்னு சொன்னியே."

"சீக்குன்னா அம்மா வீட்டுக்கு அனுப்பிருவீகளே."

துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். அந்த மனுஷனை அழவைத்துவிட்டேனே என்று இன்றைக்கும் எனக்கு என்மேல் கோபம் வரும்.

ஆபரேஷனுக்குக் கொடுத்த மயக்க மருந்தில் தறி வானத்தில் போயிற்று. நான் கை நீட்டிக்கொண்டே கிடந்தேன்.

சிறுகுடலின் கடைசிப் பகுதி நாள்பட்டுப் புண்ணாகிக் கிடந்தால் பித்தநீரின் பக்குவம் கெட்டுக் கல் சேரும், அப்படிப்பட்டவர்களுக்கு மற்றவர்களைவிட அந்த ஆபத்து அதிகம் என்று வயதான காலத்தில் வேறொரு டாக்டர் சொன்னார். ஆக, மறைத்த புது வலியும் பழைய சீக்கின் பிள்ளைதான்.

ஆபரேஷன் முடிந்து வீடு திரும்பினேன். என் வீட்டுக்காரர் எனக்கு முன்னாலேயே ஊர் வந்து மாமியாரிடம் எல்லாவற்றையும் சொல்லியிருந்தார். பலகை பழைய இடத்தில் இருந்தது. அது இனி நகராதபடி மாமியார் சுற்றிலும் மண் வைத்துப் பூசிக்கொண்டிருந்தார்.

"இது காயட்டும். ஒனக்கும் புண்ணு ஆறட்டும்" என்றார், நிமிர்ந்து பார்க்காமலே.